யார் தந்த திறப்பு?

மன்னார் தீவின் தென்கரையோரம் இலங்கை மின்சார சபை 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலைப் பூங்காவைத் திறந்தது. 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட். பறவைகளுக்கு என்ன ஆகும், மழைநீர் வடியும் வழி அடைபடுகிறதா, கரையோரத் தொழிலுக்கு என்ன இடைஞ்சல் என்று தீவு மக்கள் கேட்டுவரும் கேள்விகள் நியாயமானவை. அவற்றைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே எடுத்துக்கொள்வது அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம். இக்காலத்துக் காற்றாலைகள் வலையமைப்பு வழியாக எங்கிருந்தோ கண்காணிக்கப்படுபவை. தம்பபவனியின் காற்றாலைகளைச் செய்த டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் 2021 நவம்பரில் கப்பம் கேட்கும் கும்பலொன்றின் கணினித் தாக்குதலுக்கு உள்ளாகி, தன் கணினித் தொகுதிகள் பலவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது. மூன்று மாதம் கழித்து, 2022 பெப்ரவரி 24 அன்று, ஐரோப்பாவில் கேஏ-சாட் செய்மதி இணையச் சேவை தாக்கப்பட்டபோது, ஜெர்மனியின் எனர்கொன் நிறுவனம் 5,800 காற்றாலைகளுடன் தொடர்பை இழந்தது. காற்றாலைகள் தாமாகச் சுழன்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் தொலைவிலிருந்து அவற்றைப் பார்க்கவோ திருத்தவோ முடியாமல் போயிற்று. சரியாக அமைக்கப்படாத ஒரு விபிஎன் கருவி வழியாகத்தான் தாக்கியவர்கள் நிர்வாக வலையமைப்புக்குள் புகுந்தார்கள் என்பது பின்னர் தெரியவந்தது.

பெரிய நிறுவனங்களின் இந்தக் கதை மன்னார் நகரில் ஒரு மடிக்கணினியோடு வேலை செய்யும் இளைஞருக்கும் பொருந்துகிறது. வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ கணினி படித்துவிட்டு, கொழும்பிலோ ரொறன்ரோவிலோ உள்ள நிறுவனத்தின் சேர்வரை வீட்டிலிருந்தே பராமரிப்பவர் அவர். அல்லது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின், தொண்டு நிறுவனத்தின், பாடசாலையின் இணையத்தளத்தைப் பகுதிநேரமாகப் பார்த்துக்கொள்பவர். கட்டளைகளைத் தட்டச்சு செய்து தூரத்துக் கணினியை இயக்கும் டேர்மினல் மென்பொருள்தான் அவருடைய அன்றாடக் கருவி. எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் நண்பர்கள் வண்ணம், எழுத்துரு, எத்தனை சாளரம் திறக்கலாம் என்று சொல்வார்கள். அதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: நாளை அந்தச் சேர்வரில் ஏதாவது நடந்தால் பொறுப்பு யார் தலையில் விழும்? தூரத்தில், தனியாக, எழுத்தில் ஒப்பந்தம்கூட இல்லாமல் வேலை செய்பவர் தலையில்தான் அது முதலில் விழும். ஆகவே, எங்கிருந்து வந்தது என்று காட்டக்கூடிய மென்பொருள், தனக்கு மட்டும் சொந்தமான திறப்பு, எழுத்தில் பெற்ற அனுமதி ஆகிய மூன்றும் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு.

முதலில் மென்பொருள் வந்த வழி. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதைக் கண்டு, தாத்து யுலோனன் 1995இல், தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைவதற்கான எஸ்எஸ்எச் முறையை எழுதினார். அதற்கு முன்னிருந்த டெல்நெட், கடவுச்சொல்லை மறைக்காமல் அப்படியே அனுப்பிவந்தது. எஸ்எஸ்எச் வந்தபின் வழியில் ஒட்டுக்கேட்பது கடினமாகிவிட்டது. ஆகவே திருடர்கள் வழியை விட்டுவிட்டு, நுழையும் மென்பொருளையே குறிவைத்தார்கள். சைமன் டாதம் என்ற ஆங்கிலேயர் எழுதி இலவசமாகத் தரும் ‘பட்டி’தான் விண்டோஸ் கணினிகளில் மிகப் பரவலான எஸ்எஸ்எச் மென்பொருள். 2012இன் தொடக்கத்தில் அதன் சீன மொழிப் பதிப்புகள் என்று சொல்லிப் பரப்பப்பட்டவை, பயன்படுத்தியவர்களின் கடவுச்சொற்களை வேறொரு சேர்வருக்கு அனுப்பிவந்தது தெரிந்தது. டாதம் அப்படியொரு சீனப் பதிப்பை வெளியிட்டதே இல்லை. தாய்மொழியில் கிடைக்கிறதே என்ற ஆசையே அங்கே தூண்டிலாயிற்று. தமிழில் மென்பொருள் வேண்டும் என்று விரும்பும் நாம் இதை மறக்கக் கூடாது. தமிழ்ப் பதிப்பு என்று யாராவது அனுப்பினால், மூல ஆசிரியரின் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொட வேண்டும்.

வேலை தேடுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நிகழ்வு 2022இல் நடந்தது. வட கொரியாவுடன் தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு குழு, அமேசானில் வேலை இருப்பதாக மின்னஞ்சல் அனுப்பி, உரையாடலை வாட்ஸ்அப்புக்கு நகர்த்தி, தகுதித் தேர்வு என்ற பெயரில் ஒரு கோப்பைக் கொடுத்தது. அதற்குள் ஒரு சேர்வர் முகவரியும், நுழைவு விவரமும், மாற்றியமைக்கப்பட்ட ஒரு பட்டி மென்பொருளும் இருந்தன. மாண்டியண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டுபிடித்து அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டது. வெளிநாட்டு வேலைக்காக ஏங்கும் ஒருவர் தேர்வு என்று சொல்லித் தரப்பட்டதைத் திறக்காமல் இருப்பது எளிதல்ல. ஆனால் விதியை எளிதாக வைத்துக்கொள்ளலாம்: வேலை தருபவர் சேர்வர் முகவரியைத் தரட்டும், நுழையும் மென்பொருளை நானே எடுத்துக்கொள்வேன்.

எங்கிருந்து எடுப்பது? விண்டோஸ் 10இல் 2018 முதல் ஓப்பன் எஸ்எஸ்எச் உள்ளேயே வருகிறது. மக் கணினியிலும் லினக்ஸிலும் எப்போதும் உண்டு. பெரும்பாலானோருக்கு இதுவே போதும். இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைப்பேன். பட்டிதான் வேண்டும் என்றால், தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடக் கூடாது. போலிப் பட்டியைப் பரப்ப விளம்பரங்களையே விலைக்கு வாங்கிய கும்பல்கள் உண்டு. பார்த்ததும் அசல்போலத் தெரியும் பட்டி டாட் ஓஆர்ஜி என்ற முகவரியும் டாதமுடையது அல்ல. இறக்கிய கோப்பின் மேல் வலது சொடுக்கில் இயல்புகளைத் திறந்தால் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்று காட்டும். அங்கே சைமன் டாதம் என்ற பெயர் இருக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளின் களவுப் பிரதியைப் பென்டிரைவில் கைமாற்றுவது நம் ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. வறுமையை அதற்குக் காரணமாகச் சொல்வதை மற்ற மென்பொருள்களில் ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். இங்கே அசலே இலவசமாக இருக்கும்போது அந்தக் காரணத்துக்கு இடமில்லை.

விலை கொடுத்து வாங்கினால் பாதுகாப்பு என்று சிலர் சொல்கிறார்கள். தென் கொரியாவின் நெட்சராங் நிறுவனம் விற்கும் எக்ஸ்ஷெல் அப்படி விலை கொடுத்து வாங்கப்படுவதுதான். 2017 ஜூலையில் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே, அதன் உண்மையான கையொப்பத்தோடு, கள்ளவாசல் வைத்த பதிப்பு வெளியாகியிருந்தது. ஓகஸ்டில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் அதை அம்பலப்படுத்தினார்கள். மூலநிரல் திறந்திருந்தால் எல்லோரும் பார்க்கலாம், ஆகவே ஆபத்தில்லை என்பது மறுபக்கத்து வாதம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற திறந்தநிலை மென்பொருளுக்குள் எஸ்எஸ்எச் நுழைவைக் குறிவைத்த கள்ளவாசல் இருந்ததை அந்திரஸ் பிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டார். நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆனதை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் அது உலகெங்கும் பரவியிருக்கும். அப்படியானால் எதை நம்பியும் பயனில்லை என்று கைவிரிப்பது சரியா? சரியல்ல. இந்த இரண்டு நிகழ்விலும் தவறு சில வாரங்களுக்குள் வெளியே வந்தது, திருத்தமும் வந்தது, எந்தப் பதிப்பில் ஆபத்து என்ற விவரமும் எல்லோருக்கும் கிடைத்தது. யாரோ கைமாற்றிய பிரதியில் இவற்றில் எதுவும் நடக்காது. அசலை எடுத்திருப்பவருக்குத்தான் எச்சரிக்கையும் திருத்தமும் வந்து சேரும், அதுவும் அவர் புதுப்பித்துக்கொண்டிருந்தால். பட்டியிலேயே 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகளில், பி-521 வகைத் திறப்பின் இரகசியப் பகுதியை ஏறத்தாழ 60 கையொப்பங்களிலிருந்து மீட்டெடுக்கக்கூடிய பிழை இருந்தது. ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ருர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் கண்டறிய, 2024 ஏப்ரலில் 0.81 வந்தது. அந்த வகைத் திறப்பை அந்தப் பதிப்புகளில் பயன்படுத்தியவர் மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, திறப்பையே கைவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும்.

திறப்பு என்றதும் பலர் கடவுச்சொல்லோடு குழப்பிக்கொள்கிறார்கள். எஸ்எஸ்எச் திறப்பு இரண்டு பகுதிகள் கொண்டது: இரகசியப் பகுதி உங்கள் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை; பொதுப் பகுதியை மட்டும் சேர்வரில் வைக்கிறார்கள். இதனால் ஐந்து பேர் ஒரே சேர்வரில் வேலை செய்தாலும் யார், எப்போது உள்ளே வந்தார் என்று பதிவேட்டில் பிரித்துக் காணலாம். எல்லோரும் ஒரே நிர்வாகிக் கணக்கை, வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த ஒரே கடவுச்சொல்லால் திறந்தால், ஒருவர் செய்த தவறு ஐவர் மீதும் சமமாக விழும். கொழும்பில் இருப்பவர் மன்னாரில் இருப்பவரைக் கைகாட்டினால் மறுக்க ஆதாரம் இருக்காது. தனிக் கணக்கும் தனித் திறப்பும் கேட்பதை முதலாளி மீதான அவநம்பிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது இரு தரப்புக்கும் நல்லது, தொழிலாளிக்கு இன்னும் நல்லது. இரகசியப் பகுதிக்கு ஒரு கடவுத்தொடரும் வைக்க வேண்டும், ஏனெனில் மடிக்கணினி களவுபோகலாம். கடவுச்சொல்லைச் சேமித்துத் தரும் வசதியைச் சில மென்பொருள்கள் பெருமையாகச் சொல்லும். பட்டி அதைச் சேமிப்பதே இல்லை; அந்தக் குறையைத்தான் நான் அதன் நல்ல குணம் என்பேன்.

முதல்முறை ஒரு சேர்வரோடு இணையும்போது நீண்ட எழுத்துவரிசை ஒன்றைக் காட்டி, இதுதான் அந்தச் சேர்வரின் கைரேகை, ஏற்கிறீர்களா என்று மென்பொருள் கேட்கும். அநேகமாக எல்லோரும் வாசிக்காமல் ஆம் என்கிறார்கள். அந்த வரிசையைச் சேர்வர் உரிமையாளரிடம் தொலைபேசியில் கேட்டு ஒப்பிட ஒரு நிமிடம் போதும். பின்னொரு நாள் கைரேகை மாறியிருக்கிறது என்று எச்சரிக்கை வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். சேர்வர் மாற்றப்பட்டதா, நடுவில் யாராவது நிற்கிறார்களா என்று கேட்டறியாமல் தொடரக் கூடாது.

தீவின் சூழலுக்கென்று இரண்டு செய்திகள். கைத்தொலைபேசி வழியான இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களில், தரவுத்தளத்தை மாற்றும் வேலை பாதியில் அறுந்தால் சேர்வர் குலைந்துபோகலாம். டிமக்ஸ், ஸ்கிரீன் போன்ற நிரல்களைச் சேர்வரில் இயக்கிவிட்டு அதற்குள் வேலை செய்தால், இணைப்பு போனாலும் வேலை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். மற்றது தமிழ் எழுத்து. டேர்மினல் திரை சம அளவுக் கட்டங்களால் ஆனது. கொம்பும் காலும் கொண்ட நம் எழுத்துகள் அந்தக் கட்டங்களுக்குள் ஒழுங்காக அமையாமல், கோப்புப் பெயர்கள் சிதைந்து தோன்றும். தமிழ்ப் பெயருள்ள கோப்பைப் பார்வையால் மட்டும் இனங்கண்டு அழிப்பது ஆபத்து. நகர்த்தி வைத்து, திறந்து பார்த்து, பிறகு அழிக்கலாம்.

சட்டத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அதிகாரம் இல்லை என்று தெரிந்தும் ஒரு கணினிக்குள் நுழைய முயல்வதே குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். கணினி வெளிநாட்டில் இருந்தாலும் சட்டம் பொருந்தும். நம்பித் தரப்பட்ட நுழைவுத் தகவலை அனுமதியின்றி இன்னொருவருக்குக் கொடுப்பதும் அதே சட்டத்தில் குற்றம். வேலை முடிந்தபின்னும் பழைய சேர்வரை எட்டிப்பார்க்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்தே தெரியும். வேலை தொடங்கும்போது எந்தச் சேர்வர், எந்தக் கணக்கு, எதுவரை என்று ஒரு மின்னஞ்சலாவது வாங்கிவைக்க வேண்டும். முடியும்போது தன் திறப்பை நீக்கச் சொல்லி எழுதி, பதிலையும் சேமிக்க வேண்டும். தனியாள் தரவுகளைக் காக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிவைக்கப்பட்டன. அந்தத் தாமதம் வருத்தத்துக்குரியது. ஆனால் ஒப்பந்தத்தில் தரவுப் பொறுப்பு பற்றி ஒரு வரி சேர்க்க எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் சங்கத்தின் சின்னச் சேர்வரை யார் தாக்கப்போகிறார்கள் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. இணையத்தில் எஸ்எஸ்எச் வாசலைத் திறந்துவைத்த எந்தக் கணினியையும் தானியங்கி நிரல்கள் தேடிவந்து கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்கின்றன. சேர்வர் யாருடையது என்று அவை பார்ப்பதில்லை. கவனக்குறைவின் விலையை இந்த நாடு 2023இல் கொடுத்தது. அந்த ஆண்டு ஓகஸ்டில் லங்கா அரச மேகக் கணினித் தொகுதி தாக்கப்பட்டு, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் போயின. பழைய, ஆதரவு முடிந்துவிட்ட மென்பொருளில் தொகுதி ஓடியது. அந்த மாதங்களுக்குத் தனியே எடுத்துவைத்த காப்புப் பிரதியும் இருக்கவில்லை. இன்று காணி உறுதி, மீன்பிடிப் பதிவு, நிவாரணப் பட்டியல் எல்லாம் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கும் மாவட்டத்தில், போரில் ஆவணங்களை ஏற்கெனவே ஒருமுறை இழந்த மக்களுக்கு இதன் கனம் தெரியும்.

ஆகவே கேட்கும் உரிமையைப் பயன்படுத்த வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஓர் அரச அலுவலகம் மக்களின் தரவுக்குக் காப்புப் பிரதி எடுக்கிறதா, வெளி ஒப்பந்தக்காரர் தொலைவிலிருந்து நுழைவதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டா என்று எந்தக் குடிமகனும் கேட்கலாம். கடவுச்சொல்லும் முகவரியும் கேட்டால் பாதுகாப்புக் காரணம் காட்டி மறுப்பார்கள், அது சரியே. விதி இருக்கிறதா என்ற கேள்வியை அப்படி மறுப்பது கடினம். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு. போலி மென்பொருளை நிறுவிவிட்டதாகச் சந்தேகம் வந்தவர் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, எதையும் அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, வேறொரு கணினியிலிருந்து சேர்வர் உரிமையாளருக்கு அன்றே எழுத்தில் அறிவித்து, பழைய திறப்பை நீக்கச் சொல்ல வேண்டும். இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்பு அணியின் 101 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். இழப்பு நேர்ந்திருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அறிவித்தால் வேலை போய்விடும் என்ற பயம் பலரை வாய்மூட வைக்கிறது. ஆனால் சேர்வரின் பதிவேட்டில் நுழைந்த நேரமும் வந்த முகவரியும் எழுதப்பட்டே இருக்கும். பிறகு சேர்வர் உரிமையாளரே தேடிக் கண்டுபிடிப்பதற்கும், நடந்த அன்றே நீங்கள் எழுதிய மின்னஞ்சல் கையில் இருப்பதற்கும் விசாரணையில் பெரிய வித்தியாசம் உண்டு.