சோதனைக்களம் – 9: கேட்ட சர்வே நம்பரும் வந்த சர்வே நம்பரும்

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி வட்டாரத்து இ-சேவை மையங்களில் கூட்டம் நெரியும். கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிறவர்கள் பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கலும் சிட்டாவும் கொடுக்க வேண்டும். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு என்று வரிசையாகக் கொடுத்தால் திரையில் நில விவரம் வரும். மானாவாரிக் காட்டில் மழை தவறினால் அடுத்த விதைப்புக்குக் காப்பீட்டு இழப்பீடுதான் கைகொடுக்கும்.

இத்தகைய தளங்களில் பதில் வருகிறதா என்று சோதிப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். வந்த பதில், கேட்ட கேள்விக்கு உரியதுதானா? இந்த வாரம் அதுதான் பேச்சு. சர்வர் 200 என்று சொன்னால், கோரிக்கையைத் தடங்கலின்றி முடித்துவிட்டேன் என்று பொருள். பக்கத்துக் காட்டுக்காரர் பட்டாவை எடுத்து நீட்டினாலும் அது 200 என்றேதான் சொல்லும்.

இப்படிப்பட்ட ஒரு தளத்தை ஜேமீட்டர் என்ற சோதனைக் கருவியில் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். சர்வே நம்பர்களை ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதி, வரிக்கு ஒன்றாக அனுப்புகிறோம். பதிலில் அதே எண் இருக்கிறதா என்று பார்க்க ‘ரெஸ்பான்ஸ் அசர்ஷன்’ வைக்கிறோம். 45/1 (சர்வே நம்பர் 45, உட்பிரிவு 1) கேட்டோம், பதிலில் 45/1 இருக்கிறது, சோதனை தேறிவிட்டது. புதிதாக வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நிறுத்தியிருந்தேன்.

145/12 என்று எழுதிப் பாருங்கள். அதற்குள்ளேயே 45/1 ஒளிந்திருக்கிறது. யாரோ ஒருவருடைய நிலம் வந்திருக்க, நம் சோதனை பச்சை காட்டுகிறது. இன்னொரு ஓட்டை இதைவிட மோசம். பல தளங்கள் நாம் கேட்டதைத் தலைப்பில் திரும்ப அச்சிடும். “45/1க்கு விவரம் இல்லை” என்று வந்தாலும் அந்த எண் பக்கத்தில் இருக்கிறதல்லவா, சோதனை அப்போதும் தேறிவிடும்.

ஆகவே பக்கம் முழுவதிலும் எண்ணைத் தேடக் கூடாது. பதில் ஜேசானாக வந்தால், ஆவணத்தின் சர்வே நம்பர் புலத்தை மட்டும் எடுத்து, அனுப்பிய எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். உட்பிரிவைத் தனியாக. கிராமத்தைப் பெயரை வைத்து அல்ல, குறியீட்டை வைத்து. ஒரே பெயரில் பல பட்டிகள் உள்ள பூமி இது. 45/1 கேட்டு 45/1ஏ வந்தாலும் தவறுதான். உட்பிரிவு மாறினால் உரிமையாளரும் மாறியிருக்கலாம்.

ஒருவர் மட்டும் கேட்கும்போது சரியாக வரும் பதில், நூறு பேர் ஒரே நேரத்தில் கேட்கும்போது கை மாறிப் போகலாம். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுத் தளத்தில் அதுதான் நடந்தது. தளத்தை முடக்க நடந்த தாக்குதலின் நெரிசலைச் சமாளிக்கச் செய்த கேஷ் அமைப்பில் பிழை புகுந்து, ஒருவரின் கணக்குப் பக்கம் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படிப் பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே அறிவித்தது. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியிலும் ஏறக்குறைய இதே கதை. ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்புக்கான இணைப்பில் ஒரு கோரிக்கை பாதியில் ரத்தானது. அதற்குரிய பதில் அந்த இணைப்பிலேயே தங்கி, அடுத்துக் கேட்டவருக்குப் போய்விட்டது. சிலர் பிறருடைய உரையாடல் தலைப்புகளைப் பார்த்தார்கள்.

இப்படிக் கை மாறும் பதிலைப் பிடிக்க, ஐம்பது திரெட்களை ஒன்றாக ஓடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வரி கொடுத்து, ஒவ்வொரு பதிலையும் அதன் சொந்தக் கேள்வியோடு ஒப்பிட வேண்டும். பதில் எத்தனை விநாடியில் வந்தது என்று மட்டும் அளந்துவிட்டு எழுந்து போகிறவர்கள் கண்ணில் இது படவே படாது.

இந்த வேலையில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்றே உங்கள் சோதனை ஒன்றைத் திறந்து, 45/1 கேட்ட இடத்தில் 145/12-இன் பதிலை வேண்டுமென்றே கொடுத்து ஓட்டுங்கள். அது தேறிவிட்டால், வேறு எதையும் தொடாமல் முதலில் அதைத் திருத்துங்கள்.

(தொடரும்)