காற்று போன இடம்

தங்கவயலில் பிறந்தவர்களுக்குக் காற்றின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறையைத் துளைத்த டிரில்கள் அழுத்தக் காற்றில்தான் ஓடின. என் தந்தையார் அந்தக் காற்றுக் குழாய்களுக்கு ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்படும்வரை அதுவே அவருக்குத் தொழில். அந்த அனுபவம் என் காருக்கு உதவும் என்று நான் நினைத்ததில்லை.

சென்ற ஆண்டு டர்போ பொருத்திய பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். முந்தைய உரிமையாளர் இழுவை கூட வேண்டுமென்று பெரிய இன்டர்கூலரும், டீசலைக் கூட்டிவிடும் மின்னணுப் பெட்டியும் மாட்டி, அழுத்தம் காட்ட ஒரு மீட்டரும் வைத்திருந்தார். ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களில் குறையொன்றும் தெரியவில்லை.

பேரணாம்பட்டில் உறவினர் திருமணம் முடிந்து, வி.கோட்டா மலைப்பாதையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் அப்பா, அம்மா, மனைவி, மகன். நேரான இடம் பார்த்து ஒரு லாரியை முந்த முயன்றேன். ஆக்சிலரேட்டரை அழுத்தியும் வண்டி இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. மீட்டர் முள் 15 பவுண்டுக்கு எழும்பி, 7-க்குச் சரிந்தது. எதிரே பேருந்து! லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து வழிவிட்டதால் பிழைத்தோம்.

பெங்களூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "டர்போ போய்விட்டது சார், மாற்ற 45,000 ஆகும்" என்றார்கள். நண்பர் ஒருவரோ, "வேஸ்ட்கேட் கம்பியை நாலு சுற்று முறுக்கு, அழுத்தம் ஏறிவிடும்" என்றார்.

அப்பா இரண்டையும் கேட்டுச் சிரித்தார். "மேல கம்ப்ரஸர் நல்லாத்தான் ஓடும், கீழ டிரில்லு தூங்கும். உடனே கம்ப்ரஸரையா மாத்துனோம்? நடுவுல காத்து எங்க போவுதுன்னு பாருடா மொதல்ல."

முள் சொல்லும் சேதி

டர்போ என்பது புகைபோக்கிக் காற்றின் விசையால் சுழலும் விசிறி. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அழுத்தம் அளவு மீறும்போது வேஸ்ட்கேட் என்னும் சிறு கதவு திறந்து, புகையை விசிறிக்குப் போகவிடாமல் திருப்பிவிடும்.

ஆகவே மீட்டர் முள்ளின் போக்கே பாதி நோயைச் சொல்லிவிடும். அழுத்தம் தொடக்கத்திலிருந்தே ஏறாவிட்டால், கதவு மூடாமல் சிக்கியிருக்கலாம். அல்லது குழாய் ஒன்று கழன்றிருக்கலாம். அளவு மீறி ஏறினால், கதவை இயக்கும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். ஏறிவிட்டுச் சரிந்தால், அழுத்தம் தாங்காமல் ஏதோ ஒரு இணைப்பு வாய் திறக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். என் வண்டிக்கு இருந்தது இந்த மூன்றாவது நோய். காற்று வெளியேறிவிட, டீசல் மட்டும் குறையாமல் வந்ததால்தான் கரும்புகை.

சோப்பு நீர்ச் சோதனை

எஞ்சின் ஆறியபின், ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றினோம். டயர் வால்வு பொருத்திய ஒரு பிளாஸ்டிக் மூடியால் டர்போவின் வாயை இறுக்கி அடைத்தோம். எஞ்சினிலிருந்து அங்கே வந்து சேரும் மூச்சுக்குழாயையும் கழற்றி அடைத்தோம். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் மெதுவாகக் காற்று ஏற்றினோம். 15 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. மூடி தெறித்தால் ஆபத்து என்பதால் முகத்தை விலக்கியே நின்றோம்.

10 பவுண்டு வரை ஒன்றுமில்லை. 12-ஐத் தாண்டியதும் அப்பா கையுயர்த்தினார். "கேக்குதா?" எனக்குக் கேட்கவில்லை. அவர் காட்டிய இடத்தில் சோப்பு நீரைத் தெளித்தேன். இன்டர்கூலரின் கீழ் இணைப்பில் நுரை பொங்கியது.

கழற்றிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. புதிதாகப் போட்ட அலுமினியக் குழாயின் முனையில் விளிம்பு மேடு இல்லை, வழவழவென்றிருந்தது. அதில் எண்ணெய்ப் படலம் வேறு. சூடும் அழுத்தமும் ஏறும்போது சிலிக்கான் ஹோஸ் நழுவி வாய் திறந்திருக்கிறது. குழாய் முனையில் மேடு எழுப்பி, எண்ணெயைத் துடைத்து, அகலமான கிளாம்ப் போட்டோம். ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்தது. டீசல் கூட்டும் பெட்டியையும் கழற்றிவிட்டேன்.

டர்போவை மாற்றியிருந்தாலும் கசிவு அப்படியே இருந்திருக்கும். போகும் காற்றை ஈடுகட்டப் புது டர்போவும் அளவுக்கு மீறிச் சுழன்று கெட்டிருக்கும். நண்பர் சொன்னபடி கம்பியை முறுக்கியிருந்தாலும் அதே கதிதான்.

அடுத்த வாரம் அதே மலைப்பாதையில் ஏறினோம். முள் 15-இல் அசையாமல் நின்றது. அப்பா மீட்டரைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே வந்து சேர்ந்ததும், "இப்ப சரிடா" என்றார்.