அரிய பறவை வந்தால் யார் சொல்வார்?

ஸபா நாட்டுச் செய்தியை நபி சுலைமான் (அலை) அவர்களிடம் கொண்டுவந்தது ஹுத்ஹுத் என்னும் சிறு பறவை. கொண்டலாத்தி என்று தமிழில் சொல்கிறோமே, தலையில் விசிறி போலக் கொண்டையும் நீண்ட அலகுமாய் வெட்டவெளியில் புழு கிளறித் தின்னும், அதுவேதான். அந்தச் செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் அவர்கள் படை திரட்டிவிடவில்லை. சொன்னது மெய்யா பொய்யா என்று பார்ப்போம் என்றார்கள். கடிதம் கொடுத்து அனுப்பிச் சோதித்தார்கள். குர்ஆன் ஓதும் நம் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு இது.

இன்று பறவையைப் பற்றிய செய்தியே நம் கைத்தொலைபேசிக்கு வருகிறது. “இன்ன இடத்தில் இன்ன அபூர்வப் பறவை இறங்கியிருக்கிறது” என்று உடனுக்குடன் அறிவிக்கும் சேவைகள் பல இருக்கின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளை பறவைப் பித்துப் பிடித்து, “உம்மா, இதில் என்னைச் சேர்த்துவிடுங்கள்” என்று கேட்டால் எதில் சேர்ப்பீர்கள்?

“நமக்கெதற்கு இந்த வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு?” என்று கேட்கும் சகோதரிகளும் இருப்பார்கள். கல்முனையின் கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை. தெற்கே நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று என்று வயலும் களப்பும் தொடர்ந்து போய்ப் பொத்துவில் களப்பிலும், அதற்கும் அப்பால் குமண வில்லிலும் முடிகிறது. ஒக்டோபர் தொடங்கி ஏப்ரல் வரை வட ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் உள்ளான்களும் வாலாட்டிகளும் தங்கும் வழியில் நாம் குடியிருக்கிறோம். இலங்கைக்குத் தெற்கே இறங்க நிலமில்லை, வெறும் சமுத்திரம்தான். ஆகவே அவற்றுக்கு இது கடைசித் தரிப்பிடம். குமண 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்டது; 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. நாட்டிலேயே மிக அரிதான கறுப்புக் கழுத்து நாரை வாழ்வது அந்தத் தென்கிழக்குப் பக்கத்தில்தான். பொழுதுபோக்கு யாருடையதாக இருந்தாலும் பறவைகள் நம்முடைய அயலவர்கள்.

இந்த அறிவிப்புச் சேவைகளின் கதை சுவையானது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1954ஆம் ஆண்டு ஒரு தொலைபேசி இலக்கம் வைத்தார்கள். அதற்கு அழைத்தால், அண்மையில் என்னென்ன பறவைகள் காணப்பட்டன என்று பதிவு செய்யப்பட்ட குரல் சொல்லும். இங்கிலாந்திலோ இதைவிட எளிமை. நோர்போக் கரையில் கிளே என்ற கிராமத்தில் நான்சி என்ற பெண்மணி நடத்திய சிறு சாப்பாட்டுக் கடைதான் 1970களிலும் 80களிலும் நாடு முழுமைக்கும் பறவைச் செய்தி நிலையம்! தொலைபேசி ஒலித்தால், மேசையில் சாப்பிட்டுக் கொண்டிருப்பவர்களில் ஒருவர் எழுந்துபோய் எடுத்து, எங்கே எந்தப் பறவை நிற்கிறது என்று சொல்வார். கடைக்காரிக்கு இதில் சம்பளம் ஏதும் இல்லை. தேநீரும் பலகாரமும் விற்றிருக்கும், அவ்வளவுதான். பிறகு காசு கட்டிக் கேட்கும் தொலைபேசிச் சேவைகள் வந்தன. 1990களில் இடுப்பில் செருகும் பேஜர் வந்தது. இன்றும் அந்த நாட்டில் சந்தா கட்டிச் செய்தி பெறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நம் நாட்டில் 1943இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப் அங்கத்தவர்கள் கண்டவற்றைத் தொகுத்துக் குறிப்பேடாக அனுப்பி வந்திருக்கிறது. 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து உருவான களப் பறவையியல் குழு மாணவர்களையும் பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு இயங்குகிறது. ஆறுதலாகத்தான் செய்தி வரும், ஆனால் பறவையை அறிந்தவர் கண்பட்டு வரும்.

இப்போது நம் பிள்ளைகளின் கைக்கு முதலில் எட்டுவது வட்ஸ்அப் குழு. அதன் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் அங்கே பழைய படத்தை இன்று எடுத்தது போல ஒருவர் போடுவார். அதை ஐம்பது பேர் முன்னனுப்புவார்கள். எந்த நாட்டுப் படம் என்றுகூடத் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், குழுவில் சேர்ந்த மறுகணமே உங்கள் மகளின் இலக்கம் முன்பின் தெரியாத அத்தனை பேர் கைக்கும் போய்விடுகிறது. தெரிந்த ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களை மட்டும் வைத்து நடத்தும் குழுவென்றால் சரி. அல்லாதவற்றில் உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுத்து, செய்தியை நீங்கள் வாசித்துச் சொல்வதே நல்லது.

எனக்குத் தோன்றும் நல்ல வழி ஈபேர்ட். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஓடுபொன் சங்கமும் சேர்ந்து 2002இல் தொடங்கியது, காசு கேட்பதில்லை. இலங்கை என்று தெரிவு செய்து பதிந்துவிட்டால் அரிய பறவை பற்றிய அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். மணிக்கு ஒருமுறையா, நாளுக்கு ஒருமுறையா என்று கேட்பார்கள். நாளுக்கு ஒருமுறை என்றே வையுங்கள். மணிக்கொரு தரம் தொலைபேசியைப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். ரீலோட் காசும் மிச்சம். கணக்கை உங்கள் பெயரிலோ வாப்பாவின் பெயரிலோ திறவுங்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். ஒவ்வொரு பிரதேசத்துக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும், இன்ன பறவை இத்தனைதான் எதிர்பார்க்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். யாராவது அதற்கு மேல் எழுதினால், அல்லது வரக்கூடாத பறவையை எழுதினால், அந்தப் பதிவு தனியே நிறுத்தப்படும். பறவை தெரிந்த தொண்டர்கள் அதைப் பார்த்து, தேவையென்றால் படம் எங்கே, குரல் எங்கே என்று எழுதிக் கேட்பார்கள். ஆனால் மின்னஞ்சல் அதற்கு முன்னமே உங்களுக்கு வந்துவிடக்கூடும்! அதனால்தான் பெயருக்குப் பக்கத்தில் ‘கன்பேர்ம்ட்’, ‘அன்கன்பேர்ம்ட்’ என்று போடுகிறார்கள். உறுதியானது, உறுதியாகாதது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் முச்சக்கர வண்டி பிடித்துப் பொத்துவிலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம்.

இன்னொன்று. ஆபத்துக்குள்ளாகக்கூடிய சில பறவைகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்பதை ஈபேர்ட் மறைத்துவிடும். கூட்டைக் குலைப்பவர்கள், பிடித்து விற்பவர்கள் கையில் அந்தச் செய்தி சிக்கக்கூடாதல்லவா? வட்ஸ்அப் குழுக்களில் இந்தக் காப்பு கிடையாது. பிரயாணத்தில் ஸஹாபிகள் சிலர் ஒரு குருவியின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்க்குருவி வந்து சிறகடித்துத் தவித்ததையும், குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததையும் ஹதீஸில் படித்திருக்கிறோம். குமணையில் கூடு கட்டும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் யாராவது கூட்டின் படத்தோடு இடத்தையும் போட்டால் அதை நீங்கள் பரப்பாதீர்கள். ஒரு சில இனங்கள் போக மற்றக் காட்டுப் பறவைகளுக்கெல்லாம் நம் நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு.

அறிவிப்பு வரத் தொடங்கியதும் பிள்ளைக்கு ஓர் ஏமாற்றம் வரும். செய்திகளில் கொழும்பும் அம்பாந்தோட்டையும் மன்னாரும் வரும். கல்முனையின் பெயர் வராது. நம் பக்கம் பறவை இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். எழுதி அனுப்புகிறவர் இல்லை, அதுதான் காரணம். எத்தனை பேர் எங்கே பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் செய்தி பிறக்கிறது. காலையில் கிணற்றடியிலும் மாலையில் வளவிலும் நிற்கும் உங்களைவிட யார் அதிகம் பார்த்திருப்பார்கள்?

ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு, மாலை ஆறு என்று கத்துவதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், வாலுக்கடியில் சிவப்பு. இந்தியாவிலிருந்து இரவிரவாகப் பறந்து வந்து களைத்துப்போய்ச் சில வேளை வீட்டுக்குள்ளேயே விழும். பூனைக்கு எட்டாமல், துளையிட்ட மட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். தெம்பு வந்ததும் செடிகள் அடர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள். காயம் பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தாருக்குச் சொல்லுங்கள். செத்த பறவையைச் சிறுவர்கள் வெறுங்கையால் தொடக்கூடாது.

நீங்கள் எழுதும்போது திகதி, நேரம், இடம், எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று குறியுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகையும் காலையும் எழுதினால் போதும். ஊகித்துப் பெயர் போட வேண்டாம். ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகளெங்கும் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். இலங்கையில் அதைச் சிலோன் பேர்ட் கிளப் ஒழுங்கு செய்து வந்திருக்கிறது. மாரி மழை ஓய்ந்து கரைவாகில் தண்ணீர் நிற்கும் காலமும் அதுதான். அதற்கு முன் ஒரு கொப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.