பின்னாலும் இழுக்கும் பெடல்

பிக்ஸட் கியர் சைக்கிள் கட்ட ஆசைப்படுபவர்கள் பெயின்டையும் ஹேண்டில்பாரையும் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நாம் பின்சக்கரத்திலிருந்து தொடங்குவோம்.

சாதா சைக்கிளில் இறக்கம் வந்தால் காலைச் சும்மா வைத்துக்கொள்ளலாம். பிரீவீல் கிரிகிரி என்று தன் பாட்டுக்குச் சுற்றும். பிக்ஸட் கியரில் அந்தப் பிரீவீல் கிடையாது. பின்சக்கரத்துப் பல்சக்கரம் ஹப்போடு இறுகியிருப்பதால், சக்கரம் சுற்றும் வரைக்கும் பெடலும் சுற்றியே தீரும். ஜப்பானில் 1948-இல் கோகுராவில் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் இன்றைக்கும் இந்த வண்டிதான், பிரேக்கும் இல்லை. ஜனங்கள் பணம் கட்டும் பந்தயம் என்பதால், என்.ஜே.எஸ். என்ற அங்கீகார முத்திரை பெற்ற பாகங்களைத்தான் மாட்டலாம் என்பது அங்கே பழைய கட்டுப்பாடு. அது மூடிய ஓடுதளம். ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் முன்பிரேக் இல்லாமல் நான் யாருக்கும் கட்டித் தரச் சொல்லமாட்டேன்.

வேகத்தைக் குறைக்கக் காலைப் பின்னால் அழுத்துகிறோம் அல்லவா, விஷயமே அங்கேதான். சாதா சைக்கிளில் ஒரே பக்கம் போகும் விசை, இதில் முன்னும் பின்னுமாக மாறி மாறி அடிக்கிறது. எங்கே கொஞ்சம் லூஸ் இருந்தாலும் அது தேடிப்போய்ப் பெரிசாக்கிவிடும்.

அதனால்தான் இந்த வண்டிகளுக்கான டிராக் ஹப்பில் இரண்டு மரை. பல்சக்கரத்துக்கு வலது மரை. அதன்மேல் ஏறும் லாக்ரிங்குக்குக் கொஞ்சம் சின்னதாக ஒரு இடது மரை. பின்னால் அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும், அந்தத் திருப்பமே லாக்ரிங்கை இறுக்கும். யார் யோசித்தார்களோ, கெட்டிக்கார வேலை. சாதா பிரீவீல் ஹப்பிலும் அதே வலது மரை இருப்பதால், காசு மிச்சம் என்று சிலர் பல்சக்கரத்தை அதில் திருகிப் பசை போட்டுவிடுகிறார்கள். லாக்ரிங்குக்கு அங்கே இடமே இல்லை. ஒருநாள் பின்னால் அழுத்தும்போது கழன்று வரும்.

பிரேமில் பின் அச்சு உட்காரும் காடி படுக்கைவசமாக இருக்க வேண்டும், செயினை இழுத்துக் கட்ட அதுதான் வழி. முன் பல்வட்டமும் பின் பல்சக்கரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டிராக் வண்டியில் பிரேமின் நடுவிலிருந்து வழக்கமாக 42 மி.மீ. ஸ்கேல் வைத்து இரண்டு இடத்திலும் அளந்துவிடுங்கள்.

பல் எண்ணிக்கையில் ஒரு வேடிக்கை உண்டு. முன்னால் 48, பின்னால் 16 என்று வையுங்கள். பெடல் ஒரு சுற்று வந்தால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. பெடலை நிறுத்திப் பின்சக்கரத்தை வழுக்கவிட்டு நிற்பவர்கள் எப்போதும் ஒரே காலைத்தான் முன்னால் வைப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும், சீக்கிரமே அங்கே நூல் தெரியும். முன்னால் 47 போடுங்கள். 47-ம் 16-ம் எதனாலும் சேர்ந்து வகுபடாது, தேய்மானம் 16 இடங்களுக்குப் பிரிந்துபோகும். கால் கொடுக்கும் பலத்தில் வித்தியாசமே தெரியாது.

இப்போது பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்க். நம்மூர்க் கறுப்பு சைக்கிளில் காட்டர் பின் லூஸானால் பெடலுக்குப் பெடல் டக் டக் என்று கேட்குமே, அதே நோய் இங்கேயும் வரும். இந்த வண்டிகளில் பரவலாக இருப்பது சதுர அச்சு. எஃகு அச்சின் முனை நுனியை நோக்கிக் குறுகும். போல்ட்டை முடுக்கினால் அலுமினியக் கிராங்க் அந்தச் சரிவில் ஏறி ஆப்பு அடித்தாற்போல் இறுகும். முடுக்குவதற்குச் சுமார் 40 நியூட்டன் மீட்டர் வேண்டும். அதாவது 20 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 20 கிலோ தொங்குகிற அளவு. போல்ட் மரையில் கிரீஸ் தடவுங்கள். அச்சின் சதுரத்தில் தடவலாமா கூடாதா என்பது மெக்கானிக்குகளின் தீராத சண்டை, நான் சுத்தமாகத் துடைத்துவிட்டு மாட்டுகிற கட்சி.

லூஸான கிராங்கோடு வீடு வரைக்கும் போய்விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எஃகு அலுமினியத்தைத் தின்றுவிடும். சதுர ஓட்டை உருண்டுபோனால் எந்த முடுக்கலுக்கும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். சோதிப்பது சுலபம். இரண்டு கிராங்கையும் இரண்டு கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் கோளாறு உள்ளே பேரிங்கில். ஒன்று மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துப் போல்ட். புதுக் கிராங்க் என்றால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை முடுக்கிப் பாருங்கள், போதும். சும்மா சும்மா முடுக்கினால் சரிவில் மேலே மேலே ஏறி விரிசல் விட்டுவிடும்.

கழற்றுவதற்குச் சுத்தியல் ஆகாது, கிராங்க் புல்லர் வேண்டும். போல்ட்டையும் வாஷரையும் எடுத்துவிட்டு, கிராங்கின் மரையில் மண் இல்லாமல் துடைத்து, புல்லரைக் கையாலேயே கடைசி வரை திருகிய பிறகுதான் ஸ்பேனர். பாதி மரையில் இழுத்தால் மரை உரிந்து கையோடு வரும்.

கடைசியாகச் செயின். பெடலைச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் இறுக்கமாகவும் ஓரிடத்தில் தொய்வாகவும் இருக்கும், பல்வட்டம் மையத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம். அதன் ஐந்து போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, இறுகும் இடத்தில் செயினை மெல்லத் தட்டி நகர்த்தி, மறுபடி முடுக்குங்கள். மிக இறுக்கமான இடத்திலும் செயின் நடுவே ஒரு சென்டிமீட்டர் போல ஆட்டம் இருக்கட்டும். இதற்கெல்லாம் வண்டியைத் தூக்கி வைத்துச் சுற்றுவீர்கள், அப்போது ஓடும் செயினில் துணி வைத்துத் துடைக்காதீர்கள். பிரீவீல் இல்லாததால் விரல் மாட்டினால் செயின் நிற்காது, சக்கரத்தின் வேகம் விரலைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். சக்கரம் முழுக்க நின்ற பிறகு, கொஞ்சம் துடைத்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி துடையுங்கள்.