வைரசின் ஏட்டில் ஒரு முடிச்சு

எழுத்துஞ் சொல்லுங் கற்பிக்கும் யாம் உயிரியல் பற்றி எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். ஆயின், உயிரின் மரபும் நான்கே எழுத்துக்களால் எழுதப்பெற்ற ஏடு என்பர் அறிஞர். எழுத்தெனின், எமக்கும் அதில் ஓரளவு உரிமையுண்டன்றோ?

அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்பனவே டி.என்.ஏ.யின் எழுத்துக்கள். ஆர்.என்.ஏ.யில் தைமினுக்குப் பதிலாக யுராசில் நிற்கும். குவானின் வழமையாகச் சைற்றோசினோடு புணரும். ஆனால், குவானின்கள் அடுத்தடுத்து வருந் தொடர்கள் நான்கு ஓரிழையில் அணித்தாய் அமையின், அவ்விழை மடிந்து, நான்கு குவானின்கள் ஒரு சதுரமாய்க் கைகோத்து நிற்கும். இச்சதுரங்கள் ஒன்றன்மே லொன்றாய் அடுக்கப்பட, பொற்றாசிய அயன் இடையிலமர்ந்து அவற்றைப் பிணிக்கும். குவானிலிக்கமிலக் கரைசல் கூழாய் இறுகுதலை 1910இல் பாங் என்பார் கண்டார். அதற்கு ஏதுவாகிய சதுர அமைப்பை 1962இல் கெலேற்றும் அவரோடு ஆய்ந்தோரும் விளக்கினர்.

வைரசு தன் ஏட்டைப் படியெடுத்தே பெருகும். இம்முடிச்சு இறுகுமாயின் படியெடுக்கும் நொதியம் அவ்விடத்தே தடைப்படும். ஆகவே, முடிச்சை இறுக்குஞ் சேர்வையொன்று மருந்தாதல் கூடும். எயிட்சு நோயை விளைக்கும் எச்.ஐ.வி.யின் ஏட்டை இயக்குந் தலைப்பகுதியில் இத்தகைய தொடர்கள் உளவென 2013இல் இத்தாலியின் பாதுவா நகர ஆய்வாளர் காட்டினர். பிராக்கோ-19 என்னுஞ் சேர்வை அவ்வைரசின் பெருக்கத்தையும், வாயோரத்திற் கொப்புளம் எழுப்பும் ஹேர்ப்பீசு வைரசின் பெருக்கத்தையும் ஆய்வுகூடக் கலங்களிற் குறைத்தமை பின்னர் அறியப்பட்டது.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. மனிதக் கலத்திலும் இம்முடிச்சுக்கள் உண்டு. சென்னையிற் பிறந்து கேம்பிரிட்சில் ஆய்வு நடத்தும் சங்கர் பாலசுப்பிரமணியன் குழுவினர் 2013இல் அவற்றை மனிதக் கலங்களில் ஒளிரச் செய்து காட்டினர். எனவே, கண்டதையெல்லாம் இறுக்கும் மருந்து நோயோடு நோயாளியையும் வருத்தும். களை பிடுங்குவோன் பயிரறிந்து பிடுங்குதல் போல, வைரசின் முடிச்சைத் தெரிந்து பற்றும் மருந்தே வேண்டுவது. சதுரங்களை இணைக்கும் வளைவுகளின் நீளமும் எழுத்தும் முடிச்சுக்கு முடிச்சு வேறுபடும். அவ்வேறுபாடே ஆய்வாளர்க்குக் கிடைத்த பிடி.

வைரசு தன் எழுத்தை விரைந்து மாற்றி மருந்துக்குத் தப்புவது. ஆயினும், இத்தொடர்களுட் சில ஒரே வைரசின் பல வகைகளிலும் மாறாது நிற்றலின், அவற்றை மாற்றித் தப்புதல் அதற்கு எளிதன்று எனக் கருதப்படுகின்றது. எனினும், இவ்வழி இயங்கும் வைரசு மருந்து எதுவும் இன்னும் நோயாளர் கைக்கு வந்திலது.

இக்கல்லூரியிற் பயின்று மருத்துவராயும் இரசாயனராயும் விளங்குவோருள் ஒருவரேனும் இம்முடிச்சை ஆராயப் புகுவாராயின், அவருக்கு அகரம் முதலாக எழுத்தறிவித்தோர்க்கு அதனினும் பெரும்பேறு வேறில்லை.