கும்பிடுபூச்சி வளர்க்க ஆசையா?

வெளிநாட்டுக் கும்பிடுபூச்சிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து இனப்பெருக்கம் செய்வது மேல்நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. கடையநல்லூர் வட்டார விவசாயிக்கு அந்தச் செலவு தேவையில்லை. கருப்பாநதிப் பாசன வயல்களின் வரப்பிலேயே நம் நாட்டுப் பூச்சி இருக்கிறது.

வேலிக் குச்சியில் காய்ந்த நுரைபோல ஒட்டியிருப்பதே அதன் முட்டைக்கூடு. வரப்புச் செத்தையைக் கொளுத்துமுன் அந்தக் குச்சியை ஒடித்து, எறும்பு எட்டாத செடியில் கட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் வளர்க்க விரும்பினால், ஒரு பூச்சிக்கு ஒரு புட்டி, வாயில் வலைத்துணி. சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். தலைகீழாகத் தொங்கித் தோலுரிப்பதால், புட்டி பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரமாவது இருக்கட்டும். ஈ, வெட்டுக்கிளி தீனியாகும். மருந்தடித்த வயலில் பிடித்தவை ஆகா.

1896-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா அருகே காணப்பட்ட சீனக் கும்பிடுபூச்சி பின்னர் பல மாநிலங்களில் பரவியது. அது தேனீயையும் தேன்சிட்டு போன்ற சிறு பறவையையும்கூடப் பிடிக்கிறது. நம் நாட்டில் உயிருள்ள பூச்சிகளை அனுமதியின்றி இறக்குமதி செய்ய 2003-ஆம் ஆண்டு ஆணை இடம் தருவதில்லை.

நம் பூச்சியும் தேனீயைத் தின்னும். பயிர்ப் பாதுகாப்புக்கு அதை மட்டும் நம்ப முடியாது. ஆயினும் கூலி கேட்காத இந்தக் காவலாளை, தேவையில்லாத மருந்தடித்து விரட்டாதீர்கள்.