கைரேகையை அழிக்கும் மாத்திரை

2008 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன 62 வயதுப் பெரியவர் ஒருவரைக் குடியேற்றத் துறையினர் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். கருவியில் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. புற்றுநோய்க்காக அவர் சாப்பிட்டுவந்த கேப்சிடபைன் மாத்திரை ரேகையைத் தேய்த்திருந்தது. நம் ஊர் ரேஷன் கடையிலும் விரல்தானே வைக்கிறோம்! இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மார்பகம், குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்கு இதைத் தருகிறார்கள். உடலுக்குள் இது 5-ஃப்ளூரோயூராசிலாக மாறி, வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. தோலின் அடியடுக்குச் செல்களும் ஓயாமல் பெருகுபவைதான். அவற்றுக்கும் அடி விழுகிறது. முதலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் மதமதக்கும், எரியும். பிறகு சிவந்து, உரிந்து, வெடிக்கும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்குச் சிவப்பைவிடக் கறுப்பே முதலில் கண்ணில் படலாம். முற்றினால் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது.

சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்துத் தொடர்வது இந்தச் சிகிச்சையில் வழக்கமான நடைமுறைதான், விட்டுக்கொடுப்பது அல்ல. முற்றவிட்டால்தான் நீண்ட நாள் நிறுத்த வேண்டிவரும்.

தடுக்கவும் வழி உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 264 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. மூட்டுவலிக்குத் தடவுகிற அதே டைக்ளோஃபெனாக் ஜெல்லை ஒரு பிரிவினர் தினம் இருவேளை கைகளில் தடவினார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஜெல். மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 15 சதவீதம் பேருக்கு நடுத்தரமான அல்லது கடுமையான பாதிப்பு வந்தது. டைக்ளோஃபெனாக் தடவியவர்களில் 3.8 சதவீதம் பேருக்கே வந்தது. மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கிற பொருள் இவ்வளவு செய்வது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனாலும் மருத்துவரைக் கேட்டே தடவ வேண்டும். வெடித்த தோலில் கூடவே கூடாது.

கண்ணைப் பற்றி இன்னும் குறைவாகவே பேசுகிறோம். டோசிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொள்பவர்களுக்கு, அதிலும் வாராவாரம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு, கண்ணில் நீர் வடியலாம். மனம் உடைந்து அழுகிறார் என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் கண்ணீரை மூக்குக்குள் இறக்கும் மெல்லிய குழாய் வீங்கித் தழும்பாகி அடைபடுகிறது. தொடக்கத்திலேயே கண் மருத்துவரிடம் போனால் சொட்டு மருந்து தருவார். தேவைப்பட்டால் அந்தப் பாதையில் சிலிகான் குழாய் செருகி அடையாமல் காப்பார். முழுதாக அடைந்துவிட்டால் அறுவைசிகிச்சை செய்து புதுவழிதான் போட வேண்டும்.